பறக்கிறவனுக்கும் எடை வேண்டும்

என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து சூப்பர் ஹீரோ படம் எடுக்கிறார்கள். குறும்படம்தான். நாயகன் கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) துறைமுகத்தில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போடுகிற பையன். ஒரு மழை நாளில் அவனுக்குச் சக்தி வந்துவிடுகிறது. எப்படி வந்தது என்று கேட்டால், "அதெல்லாம் ரெண்டாம் பாகத்துலக்கா" என்கிறான் தம்பி. வில்லன் காற்று. காற்று என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்ட ரவுடி என்று நினைத்துவிடாதீர்கள், நிஜக் காற்று. வில்லன் வேஷத்துக்கு ஆள் கிடைக்காமல் எடுத்த முடிவு என்று எனக்கொரு சந்தேகம் உண்டு. இருந்தாலும் கேட்டவுடனே பிடித்துப்போனது.

இதில் சத்தம் என் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் சென்னை சாலிகிராமத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஃபோலி வேலை பார்த்தவள் நான். படத்தில் நீங்கள் கேட்கிற காலடி, புடவை உரசல், டம்ளர் வைக்கிற 'டக்' எல்லாமே பெரும்பாலும் படப்பிடிப்பில் பதிவானவை இல்லை. இருட்டறையில் திரையைப் பார்த்துக்கொண்டே என்னைப் போல ஒருத்தி செருப்பை மாற்றி மாற்றிப் போட்டு நடந்து பதிந்தவை. அந்த வேலை இங்கே ஊரில் யாருக்கும் புரியாது. "சவுண்டு விடற வேலையா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

முதல் வெட்டைப் போட்டுக் காட்டினார்கள். நாயகன் வாட்டர் டேங்க் மேலிருந்து குதித்து, பழைய மீன் ஏலக் கொட்டகைக்கு முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி இறங்குகிறான். உலகத்துச் சூப்பர் ஹீரோக்கள் அத்தனை பேரும் இறங்குகிற அதே போஸ். கீழே ஒரு 'பூம்', இணையத்தில் இலவசமாக இறக்கியது. பார்த்தால் ஆள் தரையில் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் மாதிரி இருந்தான். "கிராஃபிக்ஸ் சரியில்லக்கா, நல்ல சாஃப்ட்வேர் வாங்கணும்" என்றான் எடிட்டர் பையன். சாஃப்ட்வேரில் ஒரு குறையும் இல்லை. அவனுக்கு எடை இல்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் மொத்தச் சண்டையும் இந்த எடையைப் பற்றித்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பத்து மீட்டர் உயரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் தரையைத் தொட ஏறத்தாழ 1.4 நொடி ஆகும். நாங்கள் நொடிக்கு 25 பிரேமில் எடுக்கிறோம். ஆக 36 பிரேம். பையன்கள் 'வேகமாக இருக்கட்டும்' என்று அதைப் பாதிக்கும் கீழே சுருக்கியிருந்தார்கள். வேகமாக விழுந்தால் சக்தி கூடும் என்று தோன்றுவது இயல்புதான், ஆனால் கண் அப்படிப் படிப்பதில்லை. சின்னப் பொருள்தான் தன் உயரத்தைச் சட்டென்று விழுந்து முடிக்கும். அதனால் வேகமாக விழுகிறவன் கண்ணுக்குப் பொம்மையாகிவிடுகிறான். மினியேச்சர் வைத்துப் படமெடுத்தவர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள்: பதினாறில் ஒரு பங்கு அளவில் கட்டிய மாதிரிக் கட்டடத்தை இடிக்கும்போது, பதினாறின் வர்க்கமூலம் நான்கு என்பதால், கேமராவை நான்கு மடங்கு வேகத்தில், அதாவது 96 பிரேமில் ஓட்டுவார்கள். திரையில் 24இல் ஓடும்போது பொம்மைக் கட்டடம் நிஜக் கட்டடத்தின் நிதானத்தோடு சரியும். பெரியது மெதுவாகத்தான் விழ வேண்டும்.

அடுத்தது, மங்கல்: அசைகிற பொருள் பிரேமில் கொஞ்சம் இழுபட்டுத் தெரிவது. உச்சி வெயிலில் எடுத்ததால் ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் விழுகிற நேரம், ஆயிரத்தில் ஒரு நொடிக்குப் போயிருந்தது. ஒவ்வொரு பிரேமிலும் ஆள் கத்தி மாதிரிக் கூர்மையாக நின்றான். 25 பிரேமுக்கு ஐம்பதில் ஒரு நொடி ஷட்டர் வைத்தால்தான் அசையும் கை கால் நாம் சினிமாவில் பார்த்துப் பழகிய அளவுக்கு இழுபடும். வெயிலில் அதற்கு லென்ஸ் முன்னால் இருட்டுக் கண்ணாடி, என்.டி. ஃபில்டர், போட்டாக வேண்டும். இதைச் சொன்னதும் அனிமேஷன் படிக்கிற பையன் எகிறினான்: "ஸ்பைடர்-வெர்ஸ்ல மோஷன் ப்ளரே கிடையாதேக்கா!" உண்மைதான். 2018இல் வந்த அந்த ஸ்பைடர்மேன் அனிமேஷன் படத்தில் வேண்டுமென்றே வழக்கமான மங்கலை எடுத்துவிட்டார்கள். இன்னும் அழகான ஒன்றும் செய்தார்கள்: புதிதாகச் சக்தி வந்த மைல்ஸ் தடுமாறுகிற காட்சிகளில் அவன் அசைவு நொடிக்கு 12 தோற்றம்தான், பக்கத்திலேயே தாவுகிற அனுபவசாலிக்கு முழு 24. ஒருவன் கற்றுக்குட்டி என்பதை வசனமில்லாமல் பிரேம் கணக்கிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் அது படம் முழுக்க ஒரே இலக்கணத்தில் வரைந்த உலகம். நம் ஆள் நிஜ ஓ.டி.யில், நிஜ நாய்க்குப் பக்கத்தில் இறங்குகிறான். நாய்க்கு மங்கல் இருந்து அவனுக்கு இல்லாவிட்டால் ஸ்டிக்கர்தான்.

ஆளுக்குப் பின்னால் கட்டி எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் அந்த நிறத்தை மட்டும் அறுத்துவிட்டு வேறு பின்னணி வைப்பார்களே, அந்தப் பச்சைத் துணி சமாச்சாரம் தனிக் கூத்து. லாரன்ஸ் ரோட்டில் பேரம் பேசி வாங்கி வந்தார்கள். ஏன் பச்சை என்று யாருக்கும் தெரியவில்லை. டிஜிட்டல் கேமராவின் சென்சாரில் நிறம் பிரிக்கிற புள்ளிகளில் பாதி பச்சைக்கும், மீதிப் பாதியைச் சிவப்பும் நீலமும் பங்கு போட்டுக்கொள்வதுமாக இருக்கும். அதனால் பச்சையில்தான் விவரம் அதிகம் கிடைக்கும், விளிம்பு சுத்தமாக அறுபடும். ஃபிலிம் காலத்தில் நீலத் திரைதான் வழக்கம். சூப்பர்மேனின் உடுப்பு நீலமாகப் போய் 1978 படத்தில் அது பெரிய தலைவலி ஆனது. எங்கள் ஆளைப் பாருங்கள்: தோளில் படகிலிருந்து எடுத்த நீலத் தார்ப்பாய், இடுப்பில் பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. எந்தத் திரை முன்னால் நிறுத்தினாலும் பாதி ஆள் காணாமல் போவான். லுங்கியை மாற்றச் சொன்னால் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை, 'அது கேரக்டர்' என்றான். கடைசியில் பச்சைத் துணியை மடித்து வைத்துவிட்டோம். இப்போது அம்மா அதை மாடியில் வடகம் காயவைக்க விரிக்கிறாள்.

அதற்குப் பதில் செய்தது பழைய தந்திரம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மணலைக் குவித்து, அதன் பின்னால் பள்ளத்தில் கேமராவை வைத்து, அண்ணாந்து எடுத்தோம். ஃபிரேமில் தரை கிடையாது. வானமும் ஆளும் மட்டும். குவியலிலிருந்து அவன் குதிப்பது என்னவோ ஆளுயரம்தான். தரை தெரியாவிட்டால் உயரம் எவ்வளவு என்று கண்ணால் அளக்க முடியாது. 1978 சூப்பர்மேனைப் பறக்கவைத்த வித்தையும் இப்படிக் கண்ணை ஏமாற்றுகிற ரகம்தான், நூறு மடங்கு சாமர்த்தியமாக. ஜோரான் பெரிசிச் என்பவர் கேமராவிலும் பின்னணியை வீசுகிற புரொஜெக்டரிலும் ஒரே மாதிரி ஜூம் லென்ஸ் மாட்டி, இரண்டும் ஒன்றாக இயங்கும்படி கோத்தார். கேமரா ஜூம் செய்து பெரிதாக்கும்போது புரொஜெக்டர் அதே அளவுக்குப் படத்தைச் சுருக்கிவிடும். பின்னணி அப்படியே நிற்கும், ஆள் மட்டும் நம்மை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே வருவார். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் அசையவே இல்லை, அந்தரத்தில் தாங்கியில் நிற்கிறார். ஆனால் திரும்பும் முன் தோளைச் சாய்ப்பார், கை முன்னால் போகும். அவர் நிஜத்தில் கிளைடர் ஓட்டத் தெரிந்தவர். காற்றில் திரும்புவது என்றால் என்ன என்று அவர் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. பின்னணியைப் பின்னால் ஓடவிட்டு முன்னால் நடிக்கவைக்கிற அந்தப் பழைய வழிதான் இன்றைக்குப் பெரிய எல்.இ.டி. சுவராகத் திரும்பி வந்திருக்கிறது. 2022இல் வந்த பேட்மேன் படத்தில் சில இடங்களை அப்படித்தான் எடுத்தார்கள். நாங்களும் ஷேர் ஆட்டோ ஒன்றுக்குப் பின்னால் வீட்டு டி.வி.யை நிமிர்த்திவைத்து, அதில் சில்வர் பீச் ரோட்டை ஓடவிட்டு இரவுப் பயணம் எடுத்தோம். டி.வி.யைக் கொஞ்சம் ஃபோகஸ் இல்லாமல் விட்டால் போதும், நம்புகிறது கண்.

ஸ்லோமோஷன் எடுக்க ஆசைப்படுகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 2014 எக்ஸ்-மென் படத்துச் சமையலறைக் காட்சி, குண்டுகள் காற்றில் நிற்க ஒருவன் மட்டும் ஓடுவானே, அதற்கு நொடிக்கு 3000 பிரேமுக்கு மேல் ஓடுகிற கேமரா பயன்படுத்தினார்கள். நம்மிடம் 120தான் இருக்கும். அதுவே போதும், டியூப் லைட்டுக்குக் கீழே மட்டும் எடுக்காதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப் லைட் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, 120 பிரேமில் தெரிந்து தொலைக்கும். பகலில், வெளியே எடுங்கள்.

இனி என் பேட்டைக்கு வருகிறேன்.

பலசாலியின் பலம் அவன் உடம்பில் இல்லை. அவன் மோதுகிற இடத்தில்தான் இருக்கிறது. நடிகன் என்ன முறைத்தாலும் புஜத்தை முறுக்கினாலும் பார்க்கிறவன் நம்பமாட்டான். பக்கத்திலிருக்கிற பிளாஸ்டிக் நாற்காலி ஒரு அங்குலம் நகர்ந்தால் நம்பிவிடுவான். அதனால் இறங்கும் காட்சியை மறுபடி எடுக்கச் சொன்னேன். இறங்கும் இடத்தில் தூசி. ஹாலிவுட்டில் தூசிக்குப் பரவலாகப் பயன்படுத்துவது ஃபுல்லர்ஸ் எர்த் என்ற மண். நம் நாட்டு மருந்துக் கடையில் முல்தானி மிட்டி என்று கிடைப்பது அதேதான். மெல்லிய பொடி, எழும்பினால் உடனே படியாது. (எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், நுரையீரலுக்கு ஆகாது. நாயகனுக்கு மட்டும் போட முடியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு குதித்தான், மறுநாள் முகம் பளபள என்றிருந்தது.) நாற்காலிக்குக் கயிறு கட்டி இழுத்தோம். கேமரா நடுக்கத்தை எடிட்டர் பையன் கால் தரையைத் தொட்ட அதே பிரேமில் போட்டிருந்தான். இரண்டு மூன்று பிரேம் தள்ளிப் போடச் சொன்னேன். அதிர்ச்சி தரை வழியாக நம்மிடம் வந்து சேர நேரம் வேண்டாமா?

பிறகு சத்தம். ஒரு இறக்கத்துக்கு ஒரு 'பூம்' போதாது. அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என்று மூன்று அடுக்காவது வேண்டும். அடிச்சத்தத்துக்கு ஈர மணல் மூட்டை. கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு பழைய மரப்படகின் தளத்தில் மூட்டையைப் போட்டோம், மைக்கைப் படகின் வயிற்றுக்குள் வைத்தோம். படகே ஒரு பெரிய மத்தளம். வெளியே 'தொப்' என்று கேட்பது உள்ளே வயிற்றைப் பிசைகிற மாதிரி முழங்கியது. ஐஸ் வண்டி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மூட்டைய தூக்கித் தூக்கிப் போட்டுக்கினு இருக்க? வீடு கட்டப் போறியா?" என்றார். நடுச்சத்தம், சதை மோதுவது: நன்றாகப் பழுத்து நாறத் தொடங்கிய பண்ருட்டிப் பலாப்பழம். எலும்புக்கு வெளிநாட்டில் செலரித் தண்டை முறிப்பார்கள். நமக்கு முருங்கைக்காய் இருக்கிறதே. பிஞ்சு முருங்கை விரல் சொடக்குக்கு, நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தால் தொடை எலும்புக்கு. அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள்: "குழம்புக்கு வாங்கின காய்டி அது!" மேல் சத்தத்துக்கு நாட்டு ஓட்டுச் சில்லும் உடைந்த கண்ணாடி வளையலும், அடி விழுந்து ஒரு மூச்சு விட்டபிறகும் உருண்டுகொண்டிருக்க வேண்டும். அந்த உருளல்தான் அடி எவ்வளவு பெரியது என்று கடைசியில் சொல்கிறது.

தார்ப்பாய்க்குத் தார்ப்பாய்ச் சத்தத்தையே போட்டுப் பார்த்தேன். சரசரவென்று எல்லா வசனத்தையும் தின்றுவிட்டது. நனைத்த கோணிச்சாக்கை வீசிப் பதிந்தேன், தார்ப்பாய் பறக்கும் இடத்தில் அதுதான் ஒலிக்கிறது. பார்த்தவர்கள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கண் எதைப் பார்க்கிறதோ அதற்குப் பொருந்துகிற எடையைத்தான் காது தேடுகிறது, நிஜமான பொருளை அல்ல.

இதையெல்லாம் விடப் பெரிய வேலையைச் செய்தது சத்தமே இல்லாத இடம். ஓ.டி.யில் எந்தத் தெருவில் நின்றாலும் கடல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஊர்க்காரர்கள் அதைக் கேட்பதே இல்லை, பழகிவிட்டது. எல்லாக் காட்சிக்கு அடியிலும் அந்த இரைச்சலை மெலிதாக ஓடவிட்டிருந்தேன். கால் தரையைத் தொடுவதற்கு எட்டு பிரேம் முன்னால் அதை அறுத்துவிட்டேன். மூன்றில் ஒரு நொடிக்குக் கடல் இல்லை. என்ன நடந்தது என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது, ஆனால் காது தானாகத் திறந்துகொள்கிறது. அந்தத் திறந்த காதில் மணல் மூட்டை விழுந்தால் போதும், ஒலியளவைக் கூட்டவே வேண்டாம்.

தியேட்டரில் இதெல்லாம் எளிது. 5.1 என்கிற பல ஸ்பீக்கர் ஒலி முறையில் அந்த '.1' தாழ்ந்த அதிர்வுக்கென்றே ஒதுக்கிய தடம், 120 ஹெர்ட்ஸ் வரைதான் அதன் எல்லை, மற்றத் தடங்களைவிடப் பத்து டெசிபல் கூடுதலாக முழங்கும்படி அமைத்திருப்பார்கள். எங்கள் படத்தையோ முக்கால்வாசிப் பேர் போனில் பார்ப்பார்கள், அதுவும் பேருந்தில். போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அனேகமாக ஒன்றும் வராது. படகு வயிற்றில் பதிந்த 50 ஹெர்ட்ஸ் முழக்கம் அங்கே வெறும் காற்று. இதற்கு மூளையே ஒரு வழி வைத்திருக்கிறது. 50இன் மடங்குகளான 200, 250, 300 எல்லாம் சேர்ந்து கேட்டால், அடியில் 50 இல்லாவிட்டாலும் இருப்பதாகவே அது முடிவு கட்டிக்கொள்ளும். அதனால் அடிச்சத்தத்தைக் கொஞ்சம் கரகரப்பாக்கி அந்த மடங்குகளை வரவழைத்தேன். ஹெட்போனில் கேட்டால் சற்று அசிங்கமாகத்தான் இருக்கிறது. போனில் இருக்கிறான் நம் ஆள்.

வில்லனுக்கு வருவோம். காற்றுக்குத் தனியாகச் சத்தம் கிடையாது. நாம் காற்றுச் சத்தம் என்று சொல்வதெல்லாம் அது தொட்ட பொருள்களின் சத்தம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. முந்தின இரவு முழுக்க எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. இருட்டில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு சத்தமாக அடையாளம் சொன்னது ஞாபகம் இருக்கிறது: அது பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ், அது கொல்லைக் கதவுச் சங்கிலி, அது கக்கூஸ் தொட்டிக் குழாய் ஊதுவது. தம்பி அப்போது சின்னப் பையன். ஒவ்வொன்றாக அந்தச் சத்தங்கள் நின்றுபோனதுதான் பயம். ஆஸ்பெஸ்டாஸ் நின்றால் அது போய்விட்டது என்று அர்த்தம். விடிந்து பார்த்தால் தெருவே வேறு. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன.

அந்த இரவைத்தான் வில்லனாக்கியிருக்கிறேன். உள்ளே வரும்போது கொடியில் துணி, பிறகு கீற்று, பிறகு தகரம், பிறகு மின்கம்பி. கம்பி ஊளையிடுவதற்கு ஒரு கணக்கு உண்டு. கம்பியைக் கடக்கிற காற்று மாறி மாறிச் சுழல் விடும். அதன் அதிர்வெண், காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து, அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மூன்று மில்லிமீட்டர் கம்பியில் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் அடித்தால் 2000 ஹெர்ட்ஸ் பக்கம். வேகம் கூடக் கூட ஊளை ஏறும், குறைந்தால் இறங்கும். வில்லனுக்குக் கோபம் வருவதையும் தணிவதையும் இந்த ஏற்ற இறக்கத்திலேயே சொல்லிவிடலாம். புயலுக்குக் காத்திருக்க முடியாதே, மாடியில் நின்று தூண்டில் நரம்பையும் தேங்காய் நார்க் கயிற்றையும் தலைக்கு மேல் சுழற்றிப் பதிந்தேன். வேகமாகச் சுழற்றினால் கோபம், கை வலித்தால் சமாதானம். படத்திலும் அதே ஒழுங்கைக் கேட்டேன்: காற்றைக் காட்ட ஃபேனைப் போட்டு நாயகன் தலைமுடியைப் பறக்கவிடுவதில் அர்த்தமில்லை, அது மாடலிங். தூரத்துக் கொடியிலிருந்து கிட்டத்துத் தகரம் வரை ஒவ்வொன்றாக அசைந்து வரட்டும். நடந்து வருகிறான் என்று தெரியட்டும்.

எக்ஸெல் வண்டிக் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. நாயகன் டி.வி.எஸ். எக்ஸெல்லில் காற்றைத் துரத்துகிறான். "டார்க் நைட்ல பேட்மேன் பைக்குக்கு ஒரு சத்தம் வருமே, ஏறிக்கிட்டே போவுமே, அது வேணும்" என்றான் தம்பி. 2008இல் அந்தப் படத்துக்கு ஒலி வடிவமைத்த ரிச்சர்ட் கிங் பயன்படுத்தியது ஷெப்பர்ட் டோன் என்ற காதுமயக்கு. 1960களில் ரோஜர் ஷெப்பர்ட் என்ற உளவியலாளர் கண்டறிந்தது. ஒரு ஸ்தாயி இடைவெளியில் பல சுரங்களை ஒன்றாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். உச்சிக்குப் போனது மெல்லத் தேய்ந்து மறையும், அடியில் புதிதாக ஒன்று மெல்ல முளைக்கும். காதுக்கு அது முடிவில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் எங்கேயும் போய்ச் சேராது. கியர் மாற்றாமலே வேகம் கூடுகிற பிரமை. எக்ஸெல் சத்தத்தையும் விசைப்படகு டீசல் எஞ்சினையும் கலந்து அப்படிச் செய்து கொடுத்தேன். அபத்தமாக இருக்கிறது. அருமையாகவும் இருக்கிறது.

காசில்லாமல் சூப்பர் ஹீரோ எடுக்க முடியாது என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது 'மாவீரன்'. 2023இல் வந்தது. நாயகனின் சக்தி என்ன? மேலிருந்து ஒரு குரல், அவனுக்கு மட்டும் கேட்கும், விஜய் சேதுபதியின் குரல். சிவகார்த்திகேயன் அண்ணாந்து வெற்று வானத்தைப் பார்க்கிறார். ஒரு பார்வையும் ஒரு குரலும் சேர்ந்தால் முடிந்தது சக்தி, அந்த நிமிடத்துக்குக் கிராஃபிக்ஸ் தேவையில்லை. இது நமக்குப் புதிதும் இல்லை. எங்கள் பக்கம் தெருக்கூத்தில் ராஜ வேஷம் நேராக மேடைக்கு வந்துவிடாது. இரண்டு பேர் துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். பின்னாலிருந்து சலங்கை கேட்கும், பாட்டு கேட்கும். கிரீடத்தின் நுனி தெரியும். அப்புறம்தான் ஆள். காதில் ஏற்றிவிட்டுக் கண்ணுக்குக் காட்டுகிற அந்த வரிசை, எந்த ஐமேக்ஸுக்கும் பொருந்தும்.

புதுச்சேரியில் சித்தி வீட்டுக்குப் போனால் யாராவது 'லைஃப் ஆஃப் பை' எடுத்த கதையைத் தொடங்கிவிடுவார்கள். எந்தத் தெருவில் கூட்டம், யார் கூட்டத்தில் நின்றார்கள் என்று. அந்தப் படத்துப் புலி பெரும்பாலும் கணினியில் பிறந்தது. ஆனால் அதற்கு எடை இருந்தது, ஈர ரோமத்துக்குக் கீழே தோல் நகரும், தோலுக்குக் கீழே தசை. இயக்குநர் ஆங் லீ அதற்குமுன் 2003இல் 'ஹல்க்' எடுத்தபோது, அசைவுப் பதிவு உடையைத் தானே மாட்டிக்கொண்டு ராட்சசனாக நடித்துக் காட்டியவர். எடையின் அருமை தெரிந்த மனிதர். புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு போட்டது, அதே மாதம் அந்த வேலைக்கு ஆஸ்கர் கிடைத்தது. மேடையில் அந்தச் சிரமத்தைச் சொல்லத் தொடங்கியவரை இசையைப் போட்டு நிறுத்தினார்கள், அரங்குக்கு வெளியே கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். இரவு இரண்டு மணிக்கு ஸ்டுடியோவில் அமர்ந்து அடுத்தவர் காலடியை நடந்துகொண்டிருந்த எனக்கு, சம்பளம் எப்போது என்று கேட்டால் 'ரிலீஸ் ஆகட்டும்மா' என்ற பதில்தான் வரும். பையன்களிடம் இதைச் சொல்லிவைத்திருக்கிறேன். படம் பார்க்கிறவன் கடைசியில் ஓடுகிற பெயர்களுக்காக உட்காரமாட்டான், நீங்களாவது எல்லார் பெயரையும் போடுங்கள் என்று. முருங்கைக்காய்க்காக அம்மா பெயரும் வருகிறது.

இப்போது மிச்சம் இருப்பது இசை. தம்பியின் சிநேகிதன் ஒருவன் அனுப்பியிருக்கிறான், கம்ப்யூட்டரில் செய்த ஐம்பது வயலின். முதல் பிரேமிலிருந்து கடைசி பிரேம் வரை ஒரே முழக்கம். நன்றாகத்தான் செய்திருக்கிறான், ஆனால் மணல் மூட்டையும் இல்லை, கடல் அறுந்த இடமும் இல்லை, எல்லாவற்றையும் மூடிவிட்டது. 'டார்க் நைட்'டில் வில்லன் ஜோக்கருக்கு இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மர் பெரிய வாத்தியக் கூட்டத்தைக் கூட்டவில்லை, செல்லோவில் ஒற்றைச் சுரத்தை இழுஇழு என்று இழுக்கவிட்டார் என்று சொன்னேன். முகம் சுருங்கிப்போனது. அப்புறம் 'பிளாக் பாந்தர்' பட எடுத்துக்காட்டு கொடுத்தேன்: அதன் இசையமைப்பாளர் லுட்விக் கோரன்சன் செனகல் நாட்டுக்குப் போய், கக்கத்தில் இடுக்கி நாடாவை அழுத்தினால் சுருதி மாறுகிற பேசும் மேளத்தை எடுத்து வந்து நாயகனுக்குக் கொடுத்தார். நம் உடுக்கையும் அப்படித்தானே, நடுக்கயிற்றை அழுத்தினால் விம்மும், விட்டால் இறங்கும். காற்றின் ஊளை ஏறும்போது உடுக்கை இறங்கட்டும், இரண்டும் பேசிக்கொள்ளட்டும் என்றேன். "கோயில் படம் மாதிரி ஆயிடும்க்கா" என்கிறான் அவன். தம்பி நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை பேசித் தீர்ப்பதாக ஏற்பாடு. வயலின் இருந்துவிட்டுப் போகட்டும், நான் விட்டுக்கொடுக்கிறேன். இறங்கி முடித்து, வளையல் சில்லு உருண்டு நின்ற பிறகு தொடங்கட்டும். அதற்கு முன்னால் ஒரு பிரேம்கூடத் தரமாட்டேன்.